டனானா ஆற்றங்கரையில் ஒரு மரக்கட்டை விடுதி: ரிக்காவின் துறை நிலைத்த கதை

அலாஸ்காவின் உள்நாட்டில், ஃபேர்பேங்க்ஸ் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 145 கிலோமீட்டர் தொலைவில், டெல்டா ஆறு டனானா ஆற்றோடு கலக்கும் இடத்தின் அருகே, மேல்மாடியோடு கூடிய ஒரு பெரிய மரக்கட்டை வீடு தென்கரையில் நிற்கிறது. ‘ரிக்காவின் துறை’ என்று அதற்குப் பெயர். வால்டீஸ் துறைமுகத்திலிருந்து ஃபேர்பேங்க்ஸ் தங்கவயல்களுக்குச் சென்ற நெடும்பாதையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முப்பதை ஒட்டிய எண்ணிக்கையில் இத்தகைய விடுதிகள் இருந்தன. பெரும்பாலானவை எரிந்தும் மட்கியும் போயின. சில, இருந்த இடத்தைக் காட்டக்கூட ஒரு கட்டை மிச்சமில்லாமல் மறைந்தன. இந்த ஒன்று மட்டும் துணைக்கட்டடங்களோடும் தோட்டத்தோடும் நிலைத்துவிட்டதற்குக் கட்டியவரின் கைத்திறன் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு உண்டு: எவரையும் நிறுத்திவிடும் ஓர் ஆறு, வழிப்போக்கரை மட்டுமே நம்பியிராத ஒரு பெண்.

ஆங்கிலத்தில் ரோட்ஹவுஸ் எனப்பட்ட இவ்வகை வீட்டைத் தமிழில் வழிவிடுதி எனலாம். சத்திரம் என்று சொல்லவே முதலில் நா எழும். ஆனால் சத்திரம் என்ற சொல்லுக்குள் ஓர் அறக்கொடை இருக்கிறது. இங்கோ சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் குதிரைத் தீனிக்கும் காசு கொடுத்தாக வேண்டும். இவ்விடுதிகள் 16 முதல் 32 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருந்தன. குளிர்காலத்தில் சுமையிழுக்கும் குதிரையும் நடந்துவரும் மனிதனும் ஒரு பகற்பொழுதில் கடக்கக்கூடிய தொலைவை வைத்தே அந்த இடைவெளி அமைந்தது. டிசம்பர் இறுதியில் இப்பகுதியில் சூரியன் தொடுவானுக்கு மேலே இருப்பது சுமார் நான்கு மணி நேரமே; வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 40 பாகைக்கு இறங்குவது அங்கே அதிசயமன்று. ஆகவே ஒரு விடுதிக்கும் அடுத்ததற்கும் இடையே இருந்த தொலைவு, வசதியைப் பற்றிய கணக்காக இல்லாமல் உயிரைப் பற்றிய கணக்காகவே இருந்தது.

இவ்வளவு கடுங்குளிரில் எதற்காகப் பயணம் செய்தார்கள் என்ற கேள்வி வெப்பநாட்டு வாசகருக்கு எழுவது இயல்பு. அங்கே குளிர்காலமே சாலைக்காலம். கோடையில் உள்நாட்டு நிலத்தின் மேற்பரப்பு இளகிச் சதுப்பாகிவிடும்; அடியில் உறைந்த மண் நீரை உறிஞ்சாது; சக்கரம் புதையும்; கொசுக்கள் குதிரைகளைப் பைத்தியமாக்கும். உறைபனி விழுந்தபின் அதே சதுப்பு கல்லாகிறது, ஓடைகள் பாலமாகின்றன, சறுக்குவண்டியின் அடிக்கட்டை வழுக்கிச் செல்கிறது. வால்டீஸ் துறைமுகம் ஆண்டு முழுதும் உறையாதது என்பதால், மற்ற மாதங்களில் யூகான், டனானா ஆறுகளின் வழியே நீராவிப் படகில் சுற்றிவர வேண்டிய சரக்கும் அஞ்சலும் குளிர்காலத்தில் இந்தத் தரைவழியே நேராக வந்தன. ஏறத்தாழ 590 கிலோமீட்டர் வழியைக் குதிரைகளை இடையிடையே மாற்றிக்கொண்டு, பயணிகள் சறுக்குவண்டி எட்டு நாள் அளவில் கடந்தது.

பாதை தோன்றிய கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1899-இல் அமெரிக்க இராணுவத்தின் கேப்டன் ஏபர்கிராம்பி, வால்டீஸிலிருந்து யூகான் ஆற்றங்கரையிலுள்ள ஈகிள் என்னும் ஊரை நோக்கி ஒரு தடம் அமைக்கத் தொடங்கினார். 1902-இல் ஃபீலிக்ஸ் பெட்ரோ என்ற இத்தாலியக் குடியேறி டனானா பள்ளத்தாக்கில் தங்கம் கண்டார். அதற்கு முந்தைய ஆண்டில் நீராவிப் படகு மேலே செல்ல முடியாமல் சரக்கோடு கரையிறக்கப்பட்ட ஈ. டி. பார்னெட் என்ற வணிகரின் கிடங்கைச் சுற்றி ஃபேர்பேங்க்ஸ் முளைத்தது. ஈகிளுக்கான தடம் ஃபேர்பேங்க்ஸுக்குத் திரும்பியது. 1905-இல் அமைந்த அலாஸ்கா சாலை ஆணையத்தின் தலைவராக மேஜர் வைல்ட்ஸ் ரிச்சர்ட்சன் பொறுப்பேற்று அதை வண்டிப்பாதையாக்கும் வேலையை நடத்தினார். இன்றைய நெடுஞ்சாலை அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இந்தப் பாதை எங்கே வளைந்து போனாலும், ஃபேர்பேங்க்ஸை அடையும் முன் டனானாவைக் கடந்தே தீர வேண்டும். ஏறத்தாழ 940 கிலோமீட்டர் ஓடி யூகானில் கலக்கும் இந்த ஆறு, அலாஸ்கா மலைத்தொடரின் பனியாறுகள் அரைத்துத் தள்ளும் கல்மாவைச் சுமந்து சாம்பல் நிறத்தில் வருகிறது. பல இடங்களில் அது பின்னலாகப் பிரிந்து, ஆண்டுக்காண்டு கிளைகளை மாற்றி, மணல்மேடுகளைக் கட்டியும் கலைத்தும் ஓடும் இயல்புடையது. டெல்டா ஆற்றின் முகத்துக்கு அருகே மட்டும் அது ஒரே ஓட்டமாக ஒடுங்கி, உறுதியான கரைகளுக்கு நடுவே செல்கிறது. துறை அமைக்க அதைவிடப் பொருத்தமான இடம் அக்கம்பக்கத்தில் இல்லை. ஆற்றின் பெயரைத் தந்த அதாபஸ்கன் மக்கள் வெள்ளையர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள். இங்கே நிலத்தடி நீர் ஊற்றெடுத்து ஆற்றில் கலப்பதால் குளிர்காலத்திலும் சில பகுதிகள் உறைவதில்லை. இலையுதிர்காலத்தின் கடைசியில் சம் சால்மன் மீன்கள் முட்டையிட அங்கேதான் வருகின்றன. மீனுக்கு நன்மையான அந்த ஊற்றுநீர், உறைந்த ஆற்றின்மேல் வண்டியோட்டி வருபவனுக்கு ஆபத்து. எங்கே பனிக்கட்டி தடிமன், எங்கே மெலிவு என்பதைக் கரையில் குடியிருப்பவரைக் கேட்டறிவதே பாதுகாப்பு.

கோடையில் கடப்பதற்கு ஓடம் இருந்தது. அது இயந்திரமில்லாமல் இயங்கிய விதம் எளிமையும் நுட்பமும் கலந்தது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு தடித்த கம்பிவடம் கட்டப்படும். தட்டையான ஓடத்தின் இரு முனைகளும் கயிறுகளால் அந்த வடத்தில் ஓடும் கப்பிகளோடு இணைக்கப்படும். ஒரு முனையின் கயிற்றைச் சுருக்கி மறுமுனையின் கயிற்றை நீட்டினால் ஓடம் நீரோட்டத்துக்குச் சாய்வாகத் திரும்பும். வேகமாக வரும் நீர் சாய்ந்த பக்கத்தைத் தள்ள, ஓடம் வடத்தை ஒட்டியே அக்கரைக்குப் போய்ச் சேரும். திரும்பிவர வேண்டுமானால் சாய்வை மாற்றினால் போதும். வண்டியும் குதிரையும் பின்னாளில் லாரியும் இப்படித்தான் ஆற்றின் விசையாலேயே ஆற்றைக் கடந்தன. ஆனால் ஓடமும் ஓடாத, பனிக்கட்டியும் தாங்காத வாரங்கள் ஆண்டுக்கு இருமுறை வந்தன: இலையுதிர்காலத்தில் ஆறு உறையத் தொடங்கும் போதும், வசந்தத்தில் உடைந்த பாளங்கள் மோதிக்கொண்டு மிதந்து போகும் போதும். அப்போது அவசரக்காரனும் கரையில் காத்திருந்தே ஆக வேண்டும். மற்ற விடுதிகளைக் குதிரையின் களைப்பு நடத்தியது என்றால், இந்த விடுதியை ஆறும் சேர்ந்து நடத்தியது.

முதலில் இவ்விடத்தில் வணிகக் கிடங்கு வைத்தவர் பென் பென்னெட். 1905-இல் அது டேனியல் மெக்கார்ட்டியின் கைக்கு மாறியது. முதலீட்டுக்குப் பின்னால் இருந்தவர் மேலே சொன்ன பார்னெட். அதே ஆண்டில் வடமேற்கே டெண்டர்ஃபுட் ஓடையில் தங்கம் கிடைத்ததால் மெக்கார்ட்டியின் கிடங்குக்கு வாடிக்கை கூடியது. இராணுவத்தின் தந்தி வழியும் இப்பாதையை ஒட்டியே சென்றது. 1907-இல் துறையின் அருகே ஒரு தந்தி நிலையம் அமைந்து, சில வீரர்கள் நிரந்தரமாகத் தங்கினார்கள். காட்டின் நடுவே உலகச் செய்தி வந்து விழும் இடமாகத் துறை மாறியது.

இன்று நாம் காணும் பெரிய வீட்டை 1910-ஐ ஒட்டிக் கட்டியவர் ஜான் ஹைடுகோவிச். மாண்டினீக்ரோவில் பிறந்து 1903-இல் அலாஸ்காவுக்கு வந்த அவருக்கு விடுதிக்காரருக்குரிய குணம் இருந்ததாகத் தெரியவில்லை. தங்கம் தேடுவது, வேட்டைக்காரருக்கு வழிகாட்டுவது, மேல் டனானாவிலுள்ள அதாபஸ்கன் மக்களோடு வணிகம் செய்வது ஆகியவற்றிலேயே அவர் மனம் தோய்ந்திருந்தது. அம்மக்களின் நிலத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் வாதாடினார். 1930-இல் டெட்லின் காப்புநிலம் அறிவிக்கப்பட்டதில் அவர் முயற்சிக்கும் பங்குண்டு. நெடுநாள் வெளியே சுற்றும் ஒருவர் கட்டிய விடுதிக்கு உள்ளே இருந்து நடத்த வேறொருவர் தேவைப்பட்டார்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அந்த வேறொருவரிடம் போக முடியாது. இப்பகுதியில் கட்டடத்துக்குரிய மரம் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம்; குளிரால் மெல்ல வளர்வதால் அதன் இழை நெருக்கமானது, தண்டு நேரானது. அறுவைமில்லும் ஆணியும் அரிதாக இருந்த நாட்டில் கோடாரி ஒன்றே போதுமானது என்பது மரக்கட்டை வீட்டின் முதல் சிறப்பு. மூலைகளில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு கட்டைகளில் வெட்டுக்கள் செதுக்கி, இடைவெளிகளில் காட்டுப்பாசியைத் திணித்து அடைத்தார்கள். பாசி காய்ந்து சுருங்கினாலும் மரத்தோடு சேர்ந்தே அசையும். சுண்ணச்சாந்தைப் போல விரிசல்விட்டு உதிராது. சிறு கட்டடங்களின் கூரைமேல் புல்லோடு மண்கட்டிகளைப் பரப்பினார்கள். குளிரைத் தடுப்பதில் அதற்கு ஈடில்லை என்றாலும் மழைக்காலத்தில் அது ஒழுகும். இத்தகைய வீட்டுக்கு எதிரிகள் மூன்று. முதலாவது தீ: இரவும் பகலும் செஞ்சூட்டில் எரியும் தகர அடுப்பும் வறண்ட மரக்கூரையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, பாதையிலிருந்த விடுதிகளில் பலவற்றைத் தின்றது அதுவே. இரண்டாவது, மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிக்கட்டையின் மட்கல். மூன்றாவது கண்ணுக்குத் தெரியாதது. நிரந்தர உறைமண் உள்ள இடத்தில் வீட்டின் வெப்பமே அடிநிலத்தை இளக்கி, வீட்டை ஒருபக்கமாகச் சாயவைக்கும்.

ரிக்கா வாலன் ஸ்வீடனில் பிறந்தவர். 1891-இல் அமெரிக்காவுக்கு வந்து, மினசோட்டாவில் பண்ணை வைத்திருந்த அண்ணனோடு சில காலம் இருந்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் வீட்டுச் சமையல்காரராக வேலை பார்த்தார். 1916-இல், நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், தனியாக அலாஸ்காவுக்குப் புறப்பட்டார். அலாஸ்கா ஸ்வீடனைப் போலிருக்கும் என்று நினைத்தேன் என அவர் காரணம் சொன்னதாக வழங்குகிறது. குளிரையும் ஸ்ப்ரூஸையும் வைத்துப் பார்த்தால் பிழையான கணிப்பு என்று சொல்ல முடியாது. கென்னக்காட் செப்புச் சுரங்கத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்தபின், 1917-இல் ஹைடுகோவிச்சின் விடுதியை நடத்த வந்து சேர்ந்தார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1923-இல், விடுதியின் உரிமைப்பத்திரம் அவர் பெயருக்கு மாற்றப்பட்டது. கொடுக்கப்படாத சம்பளத்துக்கு ஈடாகவே ஹைடுகோவிச் இதைச் செய்தார் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். ஏழை வேலைக்காரிக்கு முதலாளியின் சொத்து கிடைத்த கதையாக இது அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆண்டைக் கவனித்தால் கதையின் சுவை மாறுகிறது. அதே 1923-இன் ஜூலை 15 அன்று, இதே டனானா ஆற்றின் கரையில், கீழ்நோக்கிய நெனானா ஊரில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங் அலாஸ்கா இரயில்பாதையின் பொன்னாணியை அடித்துப் பணி முடிந்ததை அறிவித்தார். சியூவர்ட் துறைமுகத்திலிருந்து ஃபேர்பேங்க்ஸுக்குச் சரக்கும் பயணிகளும் அஞ்சலும் இனி இரயிலில் போகும். சறுக்குவண்டிப் போக்குவரத்து அதோடு சரிந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1913-இல், பாபி ஷெல்டன் என்ற இளைஞர் ஃபேர்பேங்க்ஸிலிருந்து வால்டீஸ் வரை ஃபோர்டு மாடல் டி காரை ஓட்டிக்காட்டியிருந்தார். நாள் கணக்கில் கடந்த தொலைவை மணிக்கணக்கில் கடப்பவனுக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு படுக்கை எதற்கு? ஆக, ரிக்கா வாலனின் கைக்கு வந்தது சம்பளத்துக்கு ஈடான செல்வம் என்பதைவிட, அஸ்தமிக்கத் தொடங்கிவிட்ட ஒரு தொழில் என்பதே சரி.

அதை அவர் எப்படிப் பிழைக்கவைத்தார் என்பதில்தான் இந்த வீட்டின் தனித்தன்மை இருக்கிறது. விடுதியை அவர் பண்ணையாக மாற்றினார். மாடும் ஆடும் செம்மறியும் கோழியும் வாத்தும் வளர்த்தார். தேனீக்களையும் அந்தக் குளிரில் காப்பாற்றினார். செம்மறியின் கம்பளியைத் தானே நூற்றார். பாலை வெண்ணெயாகவும் பாலாடைக்கட்டியாகவும் ஆக்கினார். கோடையின் உச்சத்தில் ஏறத்தாழ இருபத்தொரு மணி நேரம் வெயில் காயும் நிலத்தில் முட்டைக்கோசும் கிழங்குகளும் அசுர வேகத்தில் பருக்கும். அந்த மூன்று மாதத்து விளைச்சலை நிலவறையில் சேமித்துவைத்தால் ஒன்பது மாதத்துக்குக் கைகொடுக்கும். பீன்ஸும் மூஸ் மான் கறியும் கரிபு மான் இறைச்சியும் டப்பாப் பாலுமே கிடைக்கும் ஒரு பாதையில், புதிய முட்டையும் பாலும் பசுங்காய்கறியும் மேசைக்கு வருமென்றால், அடுத்த விடுதிவரை போகக் கூடிய பயணியும் இங்கே இறங்கிவிடுவார். வழிப்போக்கர் குறைந்த வாரங்களிலும் அடுப்பு எரிந்தது, ஏனென்றால் உணவுக்கு அவர் எவரையும் எதிர்பார்க்கவில்லை. 1925-இல் அஞ்சலகமும் அங்கேயே வந்தது. 1946 வரை அஞ்சலகத் தலைவராகவும் அவரே இருந்தார். பல விடுதிக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போன காலம் அது.

பக்கத்துக் காட்டில் ஒரு விசித்திரமும் நடந்தது. 1928-இல் மான்டானாவிலிருந்து 23 காட்டெருமைகளை இரயிலிலும் கப்பலிலும் ஏற்றிக் கொண்டுவந்து டெல்டா பகுதியில் விட்டார்கள். அலாஸ்காவில் பல நூற்றாண்டுகளுக்கு முன் அற்றுப்போன விலங்கை மீண்டும் குடியேற்றுவது நோக்கம். அவை பெருகின. இன்றைய டெல்டா ஜங்ஷன் ஊரைச் சுற்றியுள்ள விவசாயிகளுக்கு, அந்த மந்தை பெருமைக்கும் வேலி உடையும் தலைவலிக்கும் ஒருங்கே காரணமாக இருக்கிறது.

1930-களில் துறை வேறொரு வகையில் செய்தியாயிற்று. லாரிகள் வால்டீஸ் சாலையில் சரக்கேற்றி வரத் தொடங்கியதால் அரசுக்குச் சொந்தமான இரயில்பாதையின் வருமானம் குறைந்தது. இரயிலைக் காப்பாற்ற, சரக்கு லாரிகளுக்கு அரசு சுங்கம் விதித்தது; அதை வசூலிக்கத் தோதான இடம் டனானா ஓடத்துறையைத் தவிர வேறெது? வழியெல்லாம் காவல் போட வேண்டியதில்லை, ஆறே காவல். லாரிக்காரர்கள் கொதித்தார்கள், 1940-களின் தொடக்கத்தில் சுங்கத்தை மீறி ஆற்றைக் கடக்கும் முயற்சிகளும் நடந்தன. விடுதியைச் செழிக்கவைத்த அதே இடுக்கு, அரசின் கைக்கு ஒரு கழுத்துப்பிடியாகவும் பயன்பட்டது என்பது இந்த இடத்தின் வரலாற்றில் பலரும் தாண்டிப்போய்விடும் பக்கம். சுங்கத் தகராறைத் தீர்த்தது சமரசமன்று, போர். 1942-இல் அமெரிக்க இராணுவம் கனடா வழியாக அலாஸ்கா நெடுஞ்சாலையைச் சில மாதங்களில் வெட்டியது. அது ரிச்சர்ட்சன் சாலையைத் தொட்ட இடம் துறைக்குத் தெற்கே 14 கிலோமீட்டரில் உள்ள இன்றைய டெல்டா ஜங்ஷன். போர்க்காலத்திலேயே டனானாவின்மேல் பாலம் எழ, ஓடம் நின்றது. பயணிகள் ஆற்றங்கரையில் காத்திருக்க வேண்டிய தேவையும் அதோடு போயிற்று. ரிக்கா வாலன் 1940-களின் இறுதிவரை விடுதியை நடத்தினார். பிறகும் அங்கேயே, பெரிய வீட்டின் பக்கத்தில் ஒரு சிறு குடிலில் வாழ்ந்து, 1969-இல், தொண்ணூறு வயதைக் கடந்தவராக இறந்தார். அடக்கமும் அந்த நிலத்திலேயே.

இதே பாதையின் மற்ற விடுதிகளோடு ஒப்பிட்டால் இந்த நிலைப்பு எவ்வளவு அரிது என்று புரியும். ஜான், ஃப்ளோரன்ஸ் சல்லிவன் தம்பதியர் 1905-இல் ஒரு குளிர்காலக் குறுக்குவழியில் விடுதி கட்டினார்கள். அடுத்த ஆண்டே வழி நகர்ந்துவிட, கட்டை கட்டையாகக் கழற்றிக்கொண்டுபோய்ப் புதிய தடத்தின் ஓரத்தில் மறுபடி அடுக்கினார்கள். பிற்காலத்தில் அந்த நிலம் இராணுவத்தின் குண்டுவீச்சுப் பயிற்சிக்களமானது. 1990-களின் இறுதியில் வீட்டை இன்னொருமுறை பிரித்து டெல்டா ஜங்ஷனுக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகமாக வைத்தார்கள். வீடு தப்பியது, அது நின்ற இடத்தின் பொருள் தப்பவில்லை. இன்னும் தெற்கே, பிளாக் ரேப்பிட்ஸ் விடுதிக்கு 1936-37 குளிர்காலத்தில் எதிரே இருந்த பனியாறே எதிரியாக வந்தது: அது திடீரென்று ஓட்டமெடுத்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் முன்னேறி, வீட்டை நசுக்கிவிடும் என்ற அச்சத்தை உண்டாக்கியபின் நின்றுவிட்டது. வடக்கே யூகான் ஆற்றின்மேல் ஃபிராங்க் ஸ்லேவன் 1932-இல் கட்டிய மரக்கட்டை விடுதிக்கோ சாலையே கிடையாது; ஆறே அதற்குச் சாலை. கோடையில் படகும் குளிரில் நாய்வண்டியும் வந்த அந்த வீட்டை இன்று தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. யூகான் குவெஸ்ட் நாய்வண்டிப் பந்தயக்காரர்கள் அங்கே இளைப்பாறிச் சென்றிருக்கிறார்கள். விடுதியாக அது ஓரளவு வாழ்கிறது என்றால், பாதை மாறாததே அதற்குக் காரணம்.

ரிக்காவின் வீடு 1976-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 1980-களில் மாநில அரசு அதைப் பழுதுபார்த்து, சுற்றியுள்ள நிலத்தோடு பிக் டெல்டா மாநில வரலாற்றுப் பூங்காவாகத் திறந்தது. பெரிய வீட்டைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுபவர் இடத்தின் பாதியைத்தான் பார்க்கிறார். ஊற்றின்மேல் கட்டிய பால்குளிர்ப்பு அறை, கோழிக்கூடம், மாட்டுக்கொட்டில், தந்தி நிலையம், ஓடமில்லாத ஓடக்காரரின் குடில் என்று பரந்து கிடக்கும் சிறு கட்டடங்களே, இது விடுதியாக மட்டும் இருந்திருந்தால் 1923-க்குப் பின் நின்றிருக்காது என்பதைச் சொல்பவை.

துறையிலிருந்து பார்வைக்கு எட்டும் தொலைவில், ஆற்றின்மேல் வெள்ளைக் கம்பிகளில் தொங்கும் ஒரு குழாய் தெரிகிறது. ஆர்க்டிக் கடற்கரையிலிருந்து வால்டீஸுக்கு எண்ணெய் கொண்டுபோகும் 1977-ஆம் ஆண்டுக் குழாய்ப்பாதை அது. ஏறத்தாழ 366 மீட்டர் நீளத் தொங்குபாலத்தில் டனானாவைக் கடக்கிறது. ஆறு ஒடுங்கிக் கரை உறுதியாக இருக்கும் இடம் வேண்டுமென்று தேடிய பொறியாளர்கள், ஓடக்காரர்கள் தேர்ந்த அதே வளைவுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.